வீட்டுக்கே வந்து ஏர் பிஸ்டல் சைட் மாற்றித் தருபவர்: சென்னைப் பெற்றோர் கவனத்துக்கு

சென்னையில் பிள்ளைகளைத் துப்பாக்கி சுடும் பயிற்சிக்கு அனுப்பும் பெற்றோர் இதைப் படித்தால், தெரிந்த நாலு பேருக்கும் சொல்லிவிடுங்கள். "ரேஞ்சுக்கெல்லாம் கொண்டுபோக வேண்டாம், வீட்டுக்கே வந்து சைட் மாற்றி செட் பண்ணித் தருகிறேன்" என்று ஒருவர் சொன்னால், பிஸ்டலை அவர் கையில் கொடுக்காதீர்கள். சைட் என்பது பிஸ்டலின் மேல் குறி பார்ப்பதற்காக இருக்கும் பாகம். எங்களுக்கு 14,000 ரூபாய் போனது. பணம் போனதைவிட, போட்டி நெருங்கும் நேரத்தில் என் மகளின் பயிற்சி பாழானதுதான் ஆறவில்லை.

அவள் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் சுடுகிறாள். ஜெர்மன் பிஸ்டல், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. ரியர் சைட்டின், அதாவது கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் பின் சைட்டின், உயரத்தை மாற்றும் ஸ்க்ரூ தேய்ந்து, க்ளிக் நிற்காமல் நழுவ ஆரம்பித்தது. மாற்றிவிடலாம் என்றார் கோச். வெளியிலிருந்து பார்ட் வர நாளாகும் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் இவருடைய எண் கிடைத்தது. "ஒரிஜினல் பீஸ் கையில இருக்கு சார், இன்னைக்கே மாட்டிடலாம்" என்றார்.

பெரம்பூரில் எங்கள் வீட்டு டைனிங் டேபிளில்தான் வேலை நடந்தது. வந்தவர் குழலில் பெல்லட் (குண்டு) இருக்கிறதா என்று பார்க்கவில்லை. காற்று சிலிண்டரைக் கழற்றவில்லை. பிஸ்டலின் வாய் சமையலறைப் பக்கம் திரும்பியிருந்தது. உள்ளே என் மனைவி நின்றுகொண்டிருந்தாள். மகள்தான், "அங்கிள், ஃப்ளாக் போட்டுட்டுத் தொடுங்க" என்று சொல்லி, குழலில் குண்டு இல்லை என்று காட்டும் சேஃப்டி ஃப்ளாக்கை உள்ளே விட்டாள்.

சைட் மாட்டி முடித்ததும் மொட்டை மாடியில் அவள் பயிற்சி செய்யும் இடத்தில் சுட்டுப் பார்த்தார்கள். குண்டு இலக்கின் மையத்துக்குக் கீழே விழுந்தது. அவர் ஸ்க்ரூவை 'ஹெச்' என்ற எழுத்தின் பக்கம் திருப்பினார். இன்னும் கீழே போனது. எங்கள் பிஸ்டலின் கையேட்டில் தெளிவாகவே இருக்கிறது: குண்டு மேலே விழுந்தால்தான் அந்தப் பக்கம் திருப்ப வேண்டும். அவர் ஸ்க்ரூவைக் கடைசி வரை திருப்பிவிட்டு, பையிலிருந்து அரம் எடுத்து, குழல் நுனியில் இருக்கும் ஃப்ரண்ட் சைட்டின் தலையை ராவ ஆரம்பித்தார். நான் தடுப்பதற்குள் கறுப்புப் பூச்சு போய் வெள்ளை உலோகம் தெரிந்தது.

விஷயம் இவ்வளவுதான்: குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ, ரியர் சைட்டை அந்தப் பக்கம் நகர்த்த வேண்டும். கீழே விழுந்தால் ரியர் சைட்டை ஏற்ற வேண்டும், வலப்பக்கம் விழுந்தால் இடப்பக்கம் தள்ள வேண்டும். ஃப்ரண்ட் சைட்டுக்கு இது நேர் எதிர். அதனால் ஃப்ரண்ட் சைட்டை ராவினால் குண்டு ஏறத்தான் செய்யும். ஆனால் ராவியதைத் திரும்ப ஒட்ட முடியாது. அந்தப் பளபளப்பில் லைட் பட்டு, மேல் விளிம்பு கண்ணுக்கு மங்கலாகத்தான் தெரியும்.

பணத்தை ஜீபேயில் வாங்கிக்கொண்டார். பில் கேட்டால் அனுப்புகிறேன் என்றார். எங்கள் பழைய ரியர் சைட்டையும், "சர்வீஸ் பண்ணி ஸ்பேரா தர்றேன் சார்" என்று எடுத்துப் போனார்.

அதற்குப் பிறகு அவள் குண்டுகள் பக்கவாட்டில் சிதற ஆரம்பித்தன. போன் செய்தால், "பொண்ணுக்குக் கை நடுங்குது சார், அதான்" என்றார். அவள் நம்பிவிட்டாள். பிடியை மாற்றினாள், நிற்கும் நிலையை மாற்றினாள், ராத்திரி கண்ணாடி முன் நின்று மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சரியாக இருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாகக் கலைத்தாள். இதை நான் மன்னிக்கத் தயாரில்லை.

கடைசியில் கோச் பிஸ்டலை மணல் மூட்டையில் வைத்துத் தானே சுட்டுப் பார்த்தார். அப்போதும் சிதறியது. ரியர் சைட்டில் குறி பார்க்கும் பள்ளம் உள்ள தகடான பிளேடை நகத்தால் தள்ளினார்; பக்கவாட்டில் நகர்ந்தது. எங்கள் தெருவில் டூவீலர் மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். சந்தின் அகலத்தை அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜை அவர் பிளேடின் ஓரச் சந்தில் விட்டுப் பார்த்தார். 0.25 மில்லிமீட்டர் தகடு எளிதாக உள்ளே போனது.

கால் மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். இந்த பிஸ்டலில் இரண்டு சைட்டுக்கும் நடுவே சுமார் 320 மில்லிமீட்டர். இலக்கு 10 மீட்டர் தள்ளி. அதனால் சைட்டில் வரும் பிசகு இலக்கில் ஏறக்குறைய 31 மடங்காகும். கால் மில்லிமீட்டர் அங்கே கிட்டத்தட்ட 8 மில்லிமீட்டர், அதாவது முழுசாக ஒரு வளையம். 10 புள்ளி வட்டத்தின் விட்டமே 11.5 மில்லிமீட்டர்தான். 60 குண்டுப் போட்டியில் ஒரு புள்ளியில் பைனலை விடுபவர்கள் உண்டு.

மாட்டியது டூப்ளிகேட். ஸ்க்ரூக்களைப் பசை போட்டு இறுக்கியிருந்ததால், கழற்றும்போது ஒன்றின் தலை வழுக்கிப் போனது.

இவர்களைப் போன்றவர்கள் நுழைய ஒரு காரணம் இருக்கிறது. குழலின் விட்டம் 0.177 அங்குலத்துக்குள், குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்குள் அடங்கும் ஏர் பிஸ்டலுக்கு லைசென்ஸ் தேவையில்லை. அதனால் யார் வேண்டுமானாலும் டெக்னீஷியன் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் இவர், "ரிவால்வருக்கும் வீட்டுலயே வந்து சைட் போடுவேன்" என்றார். 1959 ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி, துப்பாக்கி ரிப்பேரைத் தொழிலாகச் செய்யவே லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் இந்தப் பேச்சைக் கேட்டதும் போனை வைத்துவிடுங்கள்.

சைட் மாற்றுவதை கிளப்பிலேயே, கோச் முன்னால் செய்யுங்கள். பழைய பார்ட்டை வெளியே விடாதீர்கள். மாட்டியதும் முதலில் பிளேடை நகத்தால் தள்ளிப் பாருங்கள், அப்புறம் மூட்டையில் வைத்து ஐந்து குண்டு சுடச் சொல்லுங்கள். அதன் பிறகு பணம் கொடுத்தால் போதும்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்துவிட்டோம். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறோம். 5 லட்சம் வரையிலான புகாருக்குக் கட்டணம் கிடையாது. ஜீபே ரசீதும் வாட்ஸ்அப் பேச்சும் பத்திரமாக இருக்கின்றன.

எங்கள் பழைய ரியர் சைட் இன்னும் திரும்பி வரவில்லை. இடப்பக்க ஓரத்தில் குறுக்கே ஒரு கீறல் இருக்கும், அடியில் வெள்ளை பெயின்ட் புள்ளி ஒன்று இருக்கும், உயர ஸ்க்ரூவில் க்ளிக் நழுவும். யாராவது இதை உங்களிடம் விற்க வந்தால் வாங்காதீர்கள், எனக்குத் தகவல் சொல்லுங்கள்.