வீட்டுக்கல்வியா, அரசுப் பள்ளியா?

வீட்டிலேயே பாடம் சொல்லித் தரும் பெற்றோர் தமிழ்நாட்டிலும் உண்டு. அப்படிப் படிக்கும் பிள்ளை 14 வயது நிரம்பியதும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம்.

வீட்டில் உள்ள பெரிய வசதி, அவசரமில்லை என்பது. பின்னம் புரியவில்லையா, தோசையை நாலாகப் பிய்த்துக் காட்டி, புரியும்வரை அங்கேயே நிற்கலாம். வகுப்பில் ஆசிரியருக்கு அந்த அவகாசம் கிடையாது. ஆனால் பகல் முழுக்க ஒருவர் பிள்ளையோடு இருக்க வேண்டும். அந்த ஒருவர் பெரும்பாலும் அம்மாதான். வேலையை விடுவதும் அவர்தான். இந்தச் செலவை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

அரசுப் பள்ளியில் பாடநூல், சீருடை, மதிய உணவு எல்லாம் இலவசம். 2022-இல் தொடங்கிய திட்டத்தால் ஐந்தாம் வகுப்புவரை காலையில் உப்புமாவோ பொங்கலோ கிடைக்கிறது. அப்புறம், பலர் தாமதமாகக் கவனிக்கும் விஷயம்: ஆறு முதல் பன்னிரண்டுவரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு உண்டு. வீட்டில் படித்த பிள்ளைக்கு அது கிடையாது.

என்னைக் கேட்டால், ஐந்தாவதுவரை வீட்டில் சொல்லித் தர ஆளிருந்தால் சரி, ஆறாவதில் அரசுப் பள்ளியில் சேர்த்துவிடலாம். வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கக் கல்வி உரிமைச் சட்டம் இடம் தருகிறது. சேர்த்ததோடு பெற்றோர் வேலை முடியாது. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும். கழிப்பறையில் ஏன் தண்ணீர் வரவில்லை என்று அங்கே உட்கார்ந்து கேட்கலாம்.