சூடாக இருந்த பானட்: பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கி நான் ஏமாந்தது

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் பணம் சேர்த்து வைத்திருக்கிறீர்களா? முன்பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். நான் ஏமாந்து 5 மாதம் ஆகிறது. வண்டி இன்ஜின் பிரிக்கப்பட்டு ஒரு கராஜில் நிற்கிறது. வண்டி விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ரிப்பேர் செலவு வந்துவிட்டது, இன்னும் முடியவில்லை.

இரண்டு பேர் உட்காரும் வண்டி, பின்சக்கர இயக்கம், 6 கியர் மேனுவல். நிமிடத்துக்கு 8000 சுற்றைத் தாண்டிப் போகும் இன்ஜின். எந்தக் கம்பெனி என்று எழுதவில்லை, ஏனென்றால் குறை வண்டியைச் செய்தவர்களுடையது இல்லை. விற்றவர் பழைய கார் வியாபாரி. "ஒரே ஓனர் சார், டாக்டர் வண்டி, ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வெளியே எடுப்பார்" என்றார். ஓடோமீட்டரில் 42,000 கிலோமீட்டர்.

நான் ஒன்றும் தெரியாமல் போகவில்லை. வாரக்கணக்கில் படித்துக் குறிப்பெடுத்து, வண்டியின் கணினியில் பதிவான பிழைகளைப் படிக்கும் சின்ன ஸ்கேனர் ஒன்றும் வாங்கிக்கொண்டு போனேன். ஆனால் எந்த நேரத்தில் வண்டியைப் பார்ப்பது, எந்த ரோட்டில் ஓட்டுவது, எவ்வளவு தூரம் ஓட்டுவது எல்லாவற்றையும் அவர்தான் முடிவு செய்தார். நான் ஒத்துக்கொண்டேன். ஏமாந்தது அங்கேதான்.

நான் போய்ச் சேர்ந்தபோது வண்டி வாசலில் பளபளவென்று நின்றது. பானட்டைத் திறக்கக் கை வைத்தேன், சுட்டது. கேட்டேன். "உங்களுக்காகத்தான் சார் பின்னாலிருந்து முன்னால் கொண்டுவந்து நிறுத்தினேன்" என்றார். பத்தடி நகர்த்தினால் பானட் அப்படிச் சுடாது. குறைந்தது கால் மணி நேரமாவது இன்ஜின் ஓடியிருக்க வேண்டும். அது அந்த இடத்திலேயே எனக்குத் தெரிந்ததுதான். வண்டி பிடித்துப்போயிருந்ததால் மேற்கொண்டு கேட்கவில்லை.

குளிர்ந்த இன்ஜினை முதல்முறை ஸ்டார்ட் செய்யும்போதுதான் அது தன் நோயைச் சொல்லும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியை எழுப்பும்போது நீலப்புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. வெள்ளைப்புகை அடங்காமல் இனிப்பு வாடையோடு வந்தால் இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் உள்ளே போகிறது. வால்வுகளை நேரத்துக்குத் திறக்க வைக்கும் டைமிங் செயின் தளர்ந்திருந்தால் முதல் சில நொடிகள் கடகடவென்று சத்தம் கேட்கும். சூடேறிய பிறகு இதில் பாதி மறைந்துவிடும். அதனால் முதல் நாளே போன் செய்து, "நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்" என்று சொல்லுங்கள். போனதும் பானட்டையும் சைலன்சர் குழாயையும் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடுங்கள். சங்கடப்பட வேண்டியவர் நீங்கள் இல்லை.

அடுத்தது ஸ்கேனர். இதை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறவில்லை. வண்டியில் செருகிப் பார்த்தேன், பிழைக் கோடு (கணினி பதிந்துவைக்கும் குறியீட்டு எண்) எதுவும் இல்லை. நிம்மதியாகத் திரையைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டேன். மூன்று வாரம் கழித்து செக் இன்ஜின் விளக்கு விட்டு விட்டு எரிந்தபோது அந்தப் படத்தைத் தேடி எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். கீழே இரண்டு வரிகள். "கோடு அழிக்கப்பட்டபின் ஓடிய தூரம்: 3 கி.மீ." அதற்குக் கீழே, கண்காணிப்புச் சோதனைகள் பெரும்பாலும் "முடியவில்லை".

அதாவது நான் வருவதற்குச் சற்று முன்புதான் பிழைக் கோடுகளை அழித்திருக்கிறார். கோடுகளை அழித்தால் வண்டியின் கணினி கேட்டலிடிக் கன்வெர்ட்டர், ஆக்சிஜன் சென்சார் போன்றவற்றுக்கான சோதனைகளையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அவை முடியச் சில நாள் சாதாரணமாக ஓட்ட வேண்டியிருக்கும். அதுவரை கோடு இல்லை என்பதற்கு அர்த்தமே கிடையாது. மலிவான ஸ்கேனரிலும் இந்தத் தகவல் வரும். தினமும் ஓடுகிறது என்று சொல்லப்படும் வண்டியில் அந்தச் சோதனைகள் முடியாமல் இருந்தால் ஒன்று பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள், இல்லை கோட்டை அழித்திருக்கிறார்கள். ஏன் என்று கேளுங்கள்.

டெஸ்ட் டிரைவ் பத்து நிமிடம். பக்கத்தில் உட்கார்ந்து அவர் வழி சொன்னார், நேரான நல்ல ரோடு. பாட்டுச் சத்தமும் கொஞ்சம் தூக்கலாக இருந்தது. நான் அதைக் குறைத்திருக்க வேண்டும். குறைந்தது அரை மணி நேரம், மேடு பள்ளமும் வளைவும் உள்ள ரோட்டில், ரேடியோவை அணைத்துவிட்டு ஓட்டுங்கள். உயர்ந்த கியரில் குறைந்த வேகத்திலிருந்து ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்துப் பாருங்கள். வேகம் ஏறாமல் சுற்று மட்டும் ஏறினால் கிளட்ச் வழுக்குகிறது. 3-லிருந்து 2-க்கு இறக்கும்போது கரகரவென்று உரசினால் கியர்களை உரசாமல் சேர்த்துவைக்கும் சிங்க்ரோ தேய்ந்திருக்கிறது.

வாங்கிய இரண்டாம் நாள் காலையிலேயே வண்டி நடுங்கியது. இருமுவது போல நாலைந்து முறை குலுங்கிவிட்டு, இரண்டு நிமிடத்தில் சரியாகிவிட்டது. பெட்ரோல் பழசாக இருக்கும் என்று நினைத்தேன். மூன்றாம் வாரம் விளக்கு எரிந்தது, கோடு பி0303. மூன்றாவது சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியவில்லை என்று அர்த்தம். பிளக் மாற்றினேன், காயில் மாற்றினேன், ஒன்றும் நடக்கவில்லை.

அப்புறம்தான் இந்த மாதிரி இன்ஜின்களையே முப்பது வருடமாகப் பிரித்து வேலை பார்க்கும் ஒரு மெக்கானிக் அண்ணனிடம் போனேன். அவர் லீக்-டவுன் டெஸ்ட் செய்தார். பிஸ்டனை மேலே நிறுத்தி, வால்வுகள் மூடிய நிலையில் சிலிண்டருக்குள் காற்றை அழுத்தி, எவ்வளவு கசிகிறது என்று பார்க்கும் சோதனை அது. நல்ல இன்ஜினில் 10 சதவீதத்துக்குள் இருக்கும். என் வண்டியின் நான்கு சிலிண்டரில் மற்ற மூன்றும் நன்றாக இருந்தன, மூன்றாம் எண் சிலிண்டர் மட்டும் 40-ஐத் தாண்டியது. "தம்பி, சைலன்சர்கிட்ட காதை வைங்க" என்றார். குனிந்து காது வைத்தேன். இன்ஜின் ஓடவில்லை, கராஜே அமைதி. குழாய்க்குள்ளிருந்து உஸ்ஸ் என்று காற்று வந்துகொண்டிருந்தது. புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வு மூடவில்லை. இதே காற்று எண்ணெய் ஊற்றும் வாய் வழியாக வந்தால் பிஸ்டன் ரிங் போயிருக்கும், ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட்.

பிறகு பிளக் துளை வழியாகச் சின்ன கேமராவை இறக்கிக் காட்டினார். பிஸ்டன் தலையில் கரியின் நடுவே பிறை வடிவத்தில் ஒரு தழும்பு. பிஸ்டன் வால்வில் இடித்த இடம்.

எப்படி நடந்திருக்கும் என்று அவர் விளக்கியதை எழுதுகிறேன், மேனுவல் கியர் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கும் எல்லோருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். 3-வது கியரில் முழு வேகத்தில் போகிறீர்கள். 4-க்கு மாற்றுவதாக நினைத்து அவசரத்தில் 2-க்கு இழுத்துவிடுகிறீர்கள், இரண்டும் கீழ்ப்பக்கம்தானே இருக்கிறது. 2-வது கியரின் விகிதம் 2.0, 3-வதுடையது 1.4 என்று வைத்துக்கொள்வோம். 7700 சுற்றில் இருந்த இன்ஜின் கிளட்சை விட்ட நொடியில் 11,000 சுற்றுக்குப் போகும். இன்ஜின் அளவுக்கு மேல் சுற்றாமல் பார்த்துக்கொள்ளும் ரெவ் லிமிட்டர் இதைத் தடுக்காது. அது எரிபொருளையோ பற்றவைப்பையோ நிறுத்தும், அவ்வளவுதான். இங்கே இன்ஜினைச் சுற்றுவது சக்கரம். வால்வு ஸ்பிரிங் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் வால்வு திறந்தபடி நிற்க, பிஸ்டன் வந்து இடிக்கும். லேசாக வளைந்த வால்வோடு வண்டி மாதக்கணக்கில் ஓடும். டெஸ்ட் டிரைவிலும் ஓடும்.

அதனால் பெரிய சுற்றில் ஓடும் இன்ஜின் என்றால் கம்ப்ரஷன் டெஸ்ட்டும் (ஒவ்வொரு சிலிண்டரும் எவ்வளவு அழுத்தம் தருகிறது என்று அளப்பது) லீக்-டவுன் டெஸ்ட்டும் செய்யாமல் வாங்கவே கூடாது. இரண்டும் சேர்ந்து அரை நாள் வேலைகூட இல்லை. அதை உங்கள் மெக்கானிக் செய்ய வேண்டும், விற்பவர் சொல்லும் மெக்கானிக் இல்லை. என்னிடம் அந்த வியாபாரி "எங்க மெக்கானிக் பார்த்துட்டார் சார், ரிப்போர்ட் இருக்கு" என்று நான்கு பக்கத் தாள் கொடுத்தார். டயர் காற்றிலிருந்து வைப்பர் வரை எல்லாம் டிக் அடித்திருந்தது. கம்ப்ரஷன் எண் ஒன்றுகூட இல்லை.

சில வண்டிகளின் கணினி இந்த அத்துமீறலைப் பதிந்தே வைத்திருக்கும். போர்ஷே 911, பாக்ஸ்டர் போன்றவற்றில் அளவுக்கு மீறிய சுற்றில் இன்ஜின் எத்தனை முறை பற்றவைத்தது, கடைசியாக அது நடந்தது இன்ஜினின் எத்தனையாவது மணி நேரத்தில் என்றெல்லாம் எடுத்துப் பார்க்கலாம். அந்தக் கம்பெனி வண்டிகளைத் தெரிந்தவர்கள் இதைப் பார்க்காமல் விலை பேசவே மாட்டார்கள்.

அந்த மணிக்கணக்கு இன்னொன்றுக்கும் உதவும். என் வண்டியிலும் இன்ஜின் ஓடிய நேரத்தை எடுக்க முடிந்தது, 2,700 மணி நேரம். 42,000 கிலோமீட்டரை 2,700-ஆல் வகுத்தால் சராசரி வேகம் மணிக்கு 16 கிலோமீட்டர்கூட வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலியான ரோட்டில் போய்வந்த வண்டி அந்த வேகத்திலா ஓடியிருக்கும்? கிலோமீட்டரைக் குறைத்திருக்கிறார்கள். கண்ணெதிரே அடையாளமும் இருந்தது. கிளட்ச் பெடலின் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்திருந்தது, ஓட்டுநர் இருக்கையின் வெளிப்பக்கத் தோல் வெடித்திருந்தது. சர்வீஸ் புத்தகத்தில் ஏழு வருடப் பதிவுகளும் ஒரே பேனா மையில், ஒரே கையெழுத்தில். பில் கேட்டபோது "டாக்டர் வீட்டில் இருக்கும் சார், வாங்கித் தர்றேன்" என்றார். இன்றுவரை வரவில்லை. புத்தகத்தில் உள்ள முத்திரையை நம்பாதீர்கள், பில்லைக் கேளுங்கள், அதில் உள்ள சேசிஸ் நம்பரை வண்டியோடு ஒப்பிடுங்கள், பில் போட்ட கராஜுக்குப் போன் செய்யுங்கள்.

பாடி விஷயம் சுருக்கமாக. பெயின்ட் தடிமன் அளக்கும் கருவி ஒன்றைக் கடன் வாங்கியாவது கொண்டுபோங்கள். கம்பெனி பெயின்ட் பொதுவாக 80 முதல் 150 மைக்ரான் வரை இருக்கும். என் வண்டியில் எல்லா இடத்திலும் 110 அருகில், பின் இடது பக்கம் மட்டும் 400-க்கு மேல். அடியில் பட்டி. டிக்கி விரிப்பைத் தூக்கினால் தகடு நெளிந்து, தட்டி நிமிர்த்தியது தெரிகிறது. அலுமினியத்துக்கு எல்லாக் கருவியும் வேலை செய்யாது, ஃபைபர் பாடிக்குச் சாதாரணக் கருவி உதவவே உதவாது, முன்பே கேட்டு வாங்குங்கள். டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரம் செய்தது. பட்டை நன்றாக இருந்தாலும் பத்து வருட டயரில் இந்த மாதிரி வண்டியை வேகமாக ஓட்டுவது உயிரோடு விளையாடுவது. பிரேக் டிஸ்க்கிலும் குறைந்தபட்சத் தடிமன் பொறித்திருக்கும், அளந்து பாருங்கள்.

ஒவ்வொரு மாடலுக்கும் தனி நோய் உண்டு, அதை முன்பே படித்துவிட்டுப் போங்கள். 1997 முதல் 2005 வரை வந்த பாக்ஸ்டரிலும் அந்தக் காலத்துச் சாதாரண 911-லும் இன்ஜினுக்குள் சுழலும் இன்டர்மீடியட் ஷாஃப்ட் என்ற தண்டின் பேரிங் உடைந்தால் இன்ஜினே போய்விடும், மாற்றியதற்கு பில் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். 911 டர்போ, ஜிடி3 வண்டிகளின் இன்ஜின் வேறு, அவற்றில் இந்தச் சிக்கல் இல்லை. பிஎம்டபிள்யூ இ46 எம்3 என்றால் பின் அச்சு பொருத்தும் தளத்தில் விரிசல் இருக்கிறதா என்று லிஃப்டில் தூக்கி அடியில் பார்க்க வேண்டும். மாஸ்டா ஆர்எக்ஸ்-8 என்றால் பிஸ்டனுக்குப் பதில் முக்கோண ரோட்டர் சுழலும் ரோட்டரி இன்ஜின், அதற்குச் சாதாரண கம்ப்ரஷன் கேஜ் போதாது. இரண்டு ரோட்டர், ஒவ்வொன்றுக்கும் மூன்று முகம், ஆக ஆறு எண்கள் தரும் தனிக் கருவி வேண்டும். அந்த வண்டியை மட்டும் குளிரில் எழுப்பிப் பார்த்ததோடு விடாதீர்கள், நன்றாகச் சூடேறிய பின் அணைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். கம்ப்ரஷன் போன ரோட்டரி சூட்டில்தான் ஸ்டார்ட் ஆக மறுக்கும்.

வியாபாரியிடம் திரும்பப் போனேன். லீக்-டவுன் எண்களையும் பிஸ்டன் படத்தையும் 3 கி.மீ. படத்தையும் காட்டினேன். குரல்கூட உயர்த்தாமல் நான் கையெழுத்துப் போட்ட தாளை எடுத்து ஒரு வரியில் விரல் வைத்தார். "வண்டியை ஓட்டிப் பார்த்துத் திருப்தியடைந்து, இருக்கும் நிலையிலேயே வாங்குகிறேன்." வக்கீலிடம் கேட்டதில், வாயால் சொன்ன "ஒரே ஓனர்", "42,000 கிலோமீட்டர் ஒரிஜினல்" இரண்டையும் எழுதி வாங்கியிருந்தால் கையில் ஏதாவது இருந்திருக்கும் என்றார். அதனால் அவர்கள் சொல்வதைத் தாளில் கேளுங்கள். வாயால் சொல்லத் தயாராக இருப்பவர் எழுதித் தரத் தயங்கினால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

போன மாதம் என் நண்பன் ஒரு வண்டி பார்க்கக் கூப்பிட்டான். முதல் நாளே போன் செய்து ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சொல்லியிருந்தோம். போய்ப் பானட் மேல் கை வைத்தேன், சுட்டது. அவன் ஆசையாக வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றான், அந்த முகம் எனக்குத் தெரியும். தோளைப் பிடித்து வெளியே கூட்டிவந்தேன்.

என் வண்டிக்கு வால்வும் கைடும் வந்துவிட்டன, ஹெட் வேலை நடக்கிறது. சரியானதும் நானே ஓட்டுவேன். என்றைக்காவது விற்க வேண்டி வந்தால், அந்த 40 சதவீத எண்ணும் பிறைத் தழும்புப் படமும் 2,700 மணி நேரக் கணக்கும் வண்டியின் பைலில் முதல் பக்கமாக இருக்கும்.