சிறுநீரகக் கல்லுக்குச் சிட்ரேட் சிரப்: நான்கு ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

பாம்பன் மீன் இறங்குதளத்தில் ஏலக் கணக்கு எழுதுவது என் தொழில். விசைப்படகுகள் கரை திரும்பும் நாட்களில் விடியற்காலை தொடங்கி உச்சிவெயில் தாண்டியும் நின்றபடியே வேலை நடக்கும். ஒதுங்க இடமில்லாத காரணத்தால் தண்ணீர் குடிப்பதையே தள்ளிப்போடுவது எங்களில் பலருக்கும் பழகிப்போன ஒன்று. 2019 மார்ச்சில் இடுப்பிலிருந்து தொடைவரை பிடித்திழுத்த வலியோடு மருத்துவமனைக்குப் போனபோது, இடப்பக்கச் சிறுநீர்க்குழாயில் 6 மில்லிமீட்டர் கல் இருப்பதாக ஸ்கேனில் தெரிந்தது. மூன்று வாரத்தில் அது வெளியேறியது. துணியில் வடிகட்டிப் பிடித்து ஆய்வுக்குக் கொடுத்தேன். கால்சியம் ஆக்சலேட் வகைக் கல் என்று முடிவு வந்தது. மறு ஆண்டே இன்னொரு கல்.

இரண்டாவது கல்லுக்குப் பிறகு, மருந்துக்கடையில் 'கல்லடைப்புக்கு சிரப்' என்று கேட்டு வாங்கிய புட்டியை ஏழு மாதம் குடித்தேன். நீர்க்கடுப்பு குறைந்ததால் மருந்து வேலை செய்கிறது என்று நம்பினேன். புட்டியின் பின்பக்கத்தில் 'டைசோடியம் ஹைட்ரஜன் சிட்ரேட்' என்று எழுதியிருந்ததை நான் கவனிக்கவில்லை. அதிலும் கல் உருவாவதைத் தடுக்கும் சிட்ரேட் உண்டு, சிறுநீரின் அமிலத்தன்மையும் குறையும். ஆனால் அதனுடன் சோடியமும் உடலுக்குள் போகிறது, சோடியம் மிகுந்தால் சிறுநீரில் இறங்கும் கால்சியமும் மிகும். கருவாடும் ஊறுகாயும் இல்லாமல் சோறு இறங்காத எங்கள் கரையில், ஏற்கெனவே உப்பு மிகுந்த உடம்புக்கு மேலும் உப்பைத்தான் சேர்த்துக்கொண்டிருந்தேன். கடையில் வாங்குபவர்கள் பெயரைப் பார்ப்பதோடு நிறுத்தாமல், சோடியம் சிட்ரேட்டா பொட்டாசியம் சிட்ரேட்டா என்பதை முதலில் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மதுரையில் சிறுநீரக மருத்துவர் ஒருவர் 24 மணி நேரச் சிறுநீரைச் சேகரித்துச் சோதிக்கச் சொன்னார். ஒரு நாள் முழுதும் கேனில் பிடித்து வைப்பது வீட்டில் சங்கடமான வேலைதான். ஆனால் அந்த ஒரு சோதனை சொன்னதை அதற்குமுன் எடுத்த ஸ்கேன்கள் எதுவும் சொல்லவில்லை. ஒரு நாள் சிறுநீர் 1.1 லிட்டர் மட்டுமே, சிட்ரேட் 210 மில்லிகிராம். 320-க்குக் கீழே இருந்தால் குறைவு என்று கணக்கு. சிறுநீரில் உள்ள கால்சியத்தைச் சிட்ரேட் தன்னோடு பிணைத்துக் கரைந்த நிலையிலேயே வைத்திருக்கும். படிகம் வளர்வதையும் தடுக்கும். அது குறைந்தால் கால்சியம், சிறுநீரில் உள்ள ஆக்சலேட் என்ற கழிவுப்பொருளோடு சேர்ந்து கல்லாகிறது. இருக்கும் ஆக்சலேட் கல்லைச் சிட்ரேட் கரைத்துவிடாது. யூரிக் அமிலக் கல்லைத்தான் கரைக்கும். இதைத் தெரிந்துகொள்ளாமல் இரண்டு மாதத்தில் கல் கரையவில்லை என்று மருந்தை நிறுத்தியவர்களை நான் அறிவேன்.

அதன் பிறகு பொட்டாசியம் சிட்ரேட்டும் மக்னீசியம் சிட்ரேட்டும் பி6 வைட்டமினும் சேர்ந்த சிரப்புக்கு மாறினேன். 5 மில்லியில் 1,100 மில்லிகிராம் பொட்டாசியம் சிட்ரேட், அதாவது ஏறத்தாழ 10 மில்லி ஈக்விவலன்ட் (உடலுக்குள் போகும் பொட்டாசியத்தை அளக்க மருத்துவர்கள் பயன்படுத்தும் அலகு). காலையும் இரவும் உணவுக்குப் பின், 10 மில்லியை ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் கலந்து குடிக்கிறேன். வெறும் வயிற்றில் குடித்த முதல் வாரத்தில் நெஞ்செரிச்சலும் வயிற்றோட்டமும் வந்தன. உணவுக்குப் பின் என்று மாற்றியதும் அடங்கின. 200 மில்லி புட்டி பத்து நாளுக்குத்தான் வரும், மாதம் மூன்று புட்டி. பயணத்தில் புட்டியைச் சுமப்பது சிரமம் என்று இணையத்தில் ஒரு வெளிநாட்டு மாத்திரைக் குப்பி வாங்கினேன். ஒரு மாத்திரையில் பொட்டாசியம் 99 மில்லிகிராம், அதாவது 2.5 மில்லி ஈக்விவலன்ட்தான். என் ஒரு நாள் அளவை எட்ட 16 மாத்திரை வேண்டும். அட்டையில் பெரிய எழுத்தில் 'சிட்ரேட்' என்று போட்டிருப்பதால் மட்டும் அளவு போதுமானதாகிவிடாது.

எலுமிச்சையைப் பலரும் கேட்கிறார்கள். நானும் தினம் இரண்டு பழம் பிழிந்து குடிக்கிறேன். சிட்ரேட் கொஞ்சம் கிடைக்கிறது, தண்ணீரும் உள்ளே போகிறது. ஆனால் எலுமிச்சையில் இருப்பது பெரும்பாலும் சிட்ரிக் அமிலம் என்பதால், பொட்டாசியம் சிட்ரேட் அளவுக்கு அது சிறுநீரின் காரத்தன்மையை உயர்த்துவதில்லை. கடைச் சர்பத்தைப்போல உப்பு சேர்த்துக் குடித்தால், கிடைக்கிற நன்மையையும் இழக்கிறோம்.

அளவு கூடினாலும் கேடுதான். 2022-இல் கோடை கடுமையாக இருந்ததால் நானாகவே மூன்று வேளையாக்கினேன். சிறுநீரில் நனைத்து அதன் அமில, காரத்தன்மையை எண்ணாகப் பார்க்கும் பிஎச் பட்டை 7.5 காட்டியது. 7-ஐத் தாண்டினால் கால்சியம் பாஸ்பேட் கல் உருவாகும் வாய்ப்பு கூடும் என்று மருத்துவர் கடிந்துகொண்டார். அன்றிலிருந்து வாரம் இருமுறை பட்டை வைத்துப் பார்த்து, 6.2-க்கும் 6.8-க்கும் இடையில் வைத்துக்கொள்கிறேன். கிருமித் தொற்றால் வரும் கல்லுக்கு இந்த மருந்து கேடாகவே அமையும்.

பக்கத்து வீட்டுப் பெரியப்பா என் புட்டியைக் கேட்டபோது நான் தரவில்லை. அவருக்குச் சிறுநீரகத் தளர்ச்சியைக் காட்டும் கிரியேட்டினின் இரத்தத்தில் கூடியிருக்கிறது, இரத்த அழுத்தத்துக்கு ராமிப்ரில் சாப்பிடுகிறார். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கும், ராமிப்ரில், லோசார்டான், ஸ்பைரோனோலாக்டோன் போன்றவை சாப்பிடுபவர்களுக்கும் பொட்டாசியம் உடம்பில் தங்கி, இதயத்துடிப்பையே குலைத்துவிடக்கூடும். கடையில் சீட்டின்றிக் கிடைத்தாலும் இது சாதாரணச் சிரப் அல்ல. அவர் வருத்தப்பட்டார், பரவாயில்லை, மருத்துவரிடம் அழைத்துப் போய் வந்தேன்.

மருந்தைவிடத் தண்ணீர்தான் எனக்கு அதிகம் கடினமாக இருந்தது. எங்கள் பகுதியில் குடிநீரைக் குடக்கணக்கில் விலைக்கு வாங்குகிறோம். அதனால் வீட்டிலேயே அளந்து குடிக்கும் மனம் வந்துவிடுகிறது. இப்போது ஏலத்துக்குப் போகும்போது இரண்டு லிட்டர் கேன் கையோடு எடுத்துப்போகிறேன். சிறுநீர் இரண்டரை லிட்டர் வரும்படி குடிக்க வேண்டும் என்பதே இலக்கு. கருவாட்டை வாரம் ஒரு நாளாகக் குறைத்திருக்கிறேன். மோரும் பாலும் நிறுத்தவில்லை, ஏனெனில் உணவிலுள்ள கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்துவிடும்.

கடைசியாகச் செய்த 24 மணி நேரச் சோதனையில் சிட்ரேட் 480 மில்லிகிராம், சிறுநீர் அளவு 2.3 லிட்டர். வலப்பக்கச் சிறுநீரகத்தில் உள்ள 3 மில்லிமீட்டர் கல் நான்கு ஆண்டாக வளரவில்லை. புதுக்கல் எதுவும் வரவில்லை. இரத்தப் பொட்டாசியத்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்கிறேன். ஜூன் 14-இல் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து ஏலம் மீண்டும் சூடுபிடித்ததும், வெயிலில் நிற்கும் நாளொன்றில் சிறுநீரைக் கேனில் பிடித்து மறுபடி அளக்கப்போகிறேன். வீட்டில் ஓய்வாக இருந்து எடுத்த அளவு என் வேலை நாளின் அளவாகாது.