அயல்மொழி கற்க ஊக்கம்: புள்ளி தரும் செயலியா, ஏஐயா, எதிர்முனையில் ஒரு ஆளா?

அயல்மொழி சொல்லிக்கொடுப்பவர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு கடைசியில் வந்து நிற்கும் இடம் ஒன்றுதான்: "பிள்ளைங்களுக்கு ஆர்வம் வர எந்த ஆப் பயன்படுத்துறீங்க?" நியாயமான கேள்விதான். ஆனால் அதற்குள் இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. மாணவர் நாளைக்கும் அந்தச் செயலியைத் திறப்பாரா என்பது ஒன்று. செயலி கையில் இல்லாதபோதும் அந்த மொழியைத் தேடிப் போவாரா என்பது இன்னொன்று. செயலி நிறுவனங்கள் முதல் கேள்விக்கு அருமையாக விடை கண்டுபிடித்துவிட்டன. ஆசிரியருக்கும் மாணவருக்கும் வேண்டியது இரண்டாவது. இங்கே ஒவ்வொரு கருவியையும் அந்த இரண்டாவது கேள்வியை வைத்தே எடைபோடுகிறேன்.

இதற்கு ஓர் அளவுகோல் ஏற்கனவே இருக்கிறது. எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்ற இரு உளவியலாளர்கள், ஊக்கம் நிலைப்பதற்கு மூன்று உணர்வுகள் வேண்டும் என்றார்கள். இதை நானே விரும்பிச் செய்கிறேன், என்னால் இது முடிகிறது, என்னோடு மனிதர்கள் இருக்கிறார்கள் என்பவையே அந்த மூன்று. கணக்குப் பாடத்துக்கு மூன்றாவது இல்லாமலும் கொஞ்ச தூரம் போகலாம். மொழிக்கு முடியாது. பேசுவதற்கு ஒருவர் இல்லாத மொழியை எத்தனை நாள்தான் படிப்பது?

டியோலிங்கோ, ஆன்கி: தனியாகப் படிப்பவருக்கு

முதலில் தனியாக உட்கார்ந்து படிப்பவரின் கையில் இருக்கும் இரண்டு கருவிகள். டியோலிங்கோ என்ற மொழிப்பாடச் செயலியை லூயிஸ் வான் ஆன், செவெரின் ஹேக்கர் இருவரும் 2011இல் தொடங்கினார்கள். 2012இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். ஆன்கி என்ற நினைவு அட்டைச் செயலியை டேமியன் எல்ம்ஸ் 2006இல் வெளியிட்டார். இரண்டும் தினமும் வரச் சொல்பவைதான். வரவழைக்கும் விதம்தான் நேரெதிர்.

டியோலிங்கோவின் பலம் தொடக்கத்தில். பாடம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். கேள்வி எளிது, விடை உடனே தெரியும், தவறினால் யாரும் சிரிக்க மாட்டார்கள். 'என்னால் முடிகிறது' என்ற இரண்டாவது உணர்வை முதல் நாளிலேயே கொடுத்துவிடுகிறது. அயல்மொழி என்றாலே ஒதுங்கி நிற்கும் மாணவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. எழுத்து வடிவமே புதிதான மொழி என்றால், முதல் சில வாரங்களுக்கு இதைவிட மென்மையான வாசல் எனக்குத் தெரியாது.

சிக்கல் அடுத்த கட்டத்தில் வருகிறது. தொடர்ந்து எத்தனை நாள் வந்தீர்கள் என்று எண்ணும் ஸ்ட்ரீக், பாடத்துக்குப் பாடம் சேரும் எக்ஸ்பி புள்ளிகள், வாரம்தோறும் ஏறவும் இறங்கவும் வைக்கும் லீக் பட்டியல் எல்லாம் சேர்ந்து மாணவரின் கவனத்தை மெல்ல மொழியிலிருந்து கணக்குக்குத் திருப்புகின்றன. லீக்கில் இடம் போய்விடக் கூடாது என்பதற்காக, ஏற்கனவே தெரிந்த எளிய பாடத்தையே திரும்பத் திரும்பச் செய்து புள்ளி சேர்ப்பவர்கள் நிறைய. அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? கருவி எதற்குப் பரிசு கொடுக்கிறதோ அதைத்தான் அவர்கள் செய்கிறார்கள்.

1973இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் செய்த ஒரு சோதனையை இங்கே சொல்லியாக வேண்டும். படம் வரைவதில் ஏற்கனவே ஆசையுள்ள சின்னப் பிள்ளைகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பகுதியினருக்கு, வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். சில நாள் கழித்து, பரிசு எதுவும் இல்லாமல் வரையும் பொருட்களை வைத்துவிட்டுக் கவனித்தார்கள். பரிசை எதிர்பார்த்து வரைந்த பிள்ளைகள், மற்றவர்களைவிடக் கிட்டத்தட்ட பாதி நேரம்தான் வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களுக்கு அந்தச் சரிவு இல்லை. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது, ஆர்வமே இல்லாதவரை உள்ளே இழுக்கப் புள்ளிகள் உதவலாம். ஏற்கனவே ஆசையோடு வந்தவருக்குப் புள்ளி கொடுப்பதில் ஆபத்து இருக்கிறது. வகுப்பில் இருவருமே இருப்பார்கள். எல்லோருக்கும் ஒரே செயலியைக் கட்டாயமாக்கி, ஸ்ட்ரீக்குக்கு மதிப்பெண்ணும் போடுவதைத்தான் நான் மிகவும் எதிர்க்கிறேன். அங்கே 'நானே விரும்பிச் செய்கிறேன்' என்ற முதல் உணர்வும் போய்விடுகிறது.

ஆன்கியில் இந்தப் பளபளப்பு எதுவும் இல்லை. ஒரு அட்டை வரும். விடையை நினைவில் தேட வேண்டும். எவ்வளவு கடினமாக இருந்தது என்று நாமே ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அதை வைத்து அதே அட்டையை நாளைக்கோ, பத்து நாள் கழித்தோ, மூன்று மாதம் கழித்தோ காட்டும். மறதி எப்படி நடக்கிறது என்று ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885இல் வெளியிட்ட ஆய்விலிருந்து, பியோட்டர் வோஸ்னியாக் 1987இல் கணினிக்காக எழுதிய கணிப்பு முறை வரை நீளும் மரபு அதன் பின்னால் இருக்கிறது. நினைவில் நிறுத்துவதில் இதற்குப் போட்டி குறைவு. ஊக்கத்தில்? நாலு நாள் விட்டுவிட்டு வந்து பாருங்கள், நூற்றுக்கணக்கான அட்டைகள் குவிந்து நிற்கும். அந்த எண்ணைப் பார்த்தே மூடிவிட்டுப் போனவர்கள் ஏராளம்.

ஆனாலும் ஒரு இடத்தில் ஆன்கி டியோலிங்கோவைத் தெளிவாக முந்துகிறது. அட்டையை மாணவரே செய்யலாம். தான் ரசித்த பாட்டில் வந்த சொல், தான் ஆடும் விளையாட்டில் வந்த வாக்கியம், நண்பர் அனுப்பிய செய்தி என எது வேண்டுமானாலும் அட்டையாகலாம். அப்போது மொழி அவருடையதாகிறது. ஆயிரக்கணக்கான சொற்களோடு இணையத்தில் தயாராகக் கிடக்கும் தொகுப்பை இறக்கிக் கொடுத்தால் இந்த நன்மை அப்படியே காணாமல் போய்விடும். ஆகவே, தொடக்கக்காரருக்கு டியோலிங்கோ. அந்த மொழியில் தனக்கென்று ஒரு விருப்பம் முளைத்தவருக்கு ஆன்கி, அதுவும் தினமும் ஐந்து புது அட்டைக்கு மேல் போகாமல்.

கஹூட், குவிஸ்லெட் லைவ்: வகுப்பறை ஆரவாரம்

வகுப்பில் எல்லோரும் சேர்ந்து ஆடும் வினாடி வினாக் கருவிகள் இவை. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். உள்ளே அவை மாணவரிடம் கேட்பது வேறு வேறு.

நார்வேயில் உருவாகி 2013இல் வெளிவந்த கஹூட்டில் கேள்வி பெரிய திரையில் வரும், விடையைக் கைப்பேசியில் தொட வேண்டும். வழக்கமான அமைப்பில் ஒரு கேள்விக்கு அதிகபட்சம் 1000 புள்ளி. தாமதிக்கத் தாமதிக்க அது குறையும். ஒவ்வொரு கேள்விக்கும் பிறகு முன்னணியில் இருப்பவர்களின் பெயர் திரையில் மின்னும். வகுப்பு உடனே கலகலத்துவிடும். யாருக்கு? வேகமாகப் படிக்கத் தெரிந்தவருக்கு. அயல்மொழி வாக்கியத்தை எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படிக்கும் மாணவருக்கு விடை தெரிந்தாலும் நேரம் போய்விடும். மூன்றாவது கேள்வியிலேயே அவர் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒரு நிறத்தைத் தொட ஆரம்பித்துவிடுவார். நேரத்தை நீட்டினால், குழுவாக ஆடவிட்டால் இது குறையும். பலர் அந்த அமைப்புகளைத் தொடுவதே இல்லை.

குவிஸ்லெட் லைவ் 2016இல் வந்தது. மாணவர்களைக் குழுக்களாகப் பிரிக்கும். ஒரு குழுவில் எல்லோருக்கும் ஒரே கேள்வி. ஆனால் விடைகள் உறுப்பினர்களின் திரைகளில் பிரிந்து கிடக்கும். சரியான விடை ஒருவரிடம்தான் இருக்கும். அதனால் பேசாமல் முடியாது: "உன்கிட்ட இருக்கா? இல்ல, அது வேற சொல்." தவறாகத் தொட்டால் அதுவரை சேர்த்தது போய் மறுபடி முதலிலிருந்து. அதனால் அவசரக்காரர்கள் தாமாகவே நிதானமாகிறார்கள், மெதுவாகப் படிப்பவருக்காக மற்றவர்கள் காத்திருக்கிறார்கள். வேகத்துக்குப் பதில் கவனத்துக்கு மதிப்பு, தனியாளுக்குப் பதில் கூட்டத்துக்கு மதிப்பு. மொழி வகுப்புக்கு இந்த வடிவம்தான் பொருந்துகிறது என்று தயங்காமல் சொல்வேன். அப்படியென்றாலும் வாரத்துக்கு ஒரு தடவை போதும். இரண்டுமே தனிச்சொற்களைச் சோதிப்பவை, பேச வைப்பவை அல்ல.

காணொளி: சப்டைட்டில் எந்த மொழியில்?

பார்க்கப் பிடித்ததைப் பார்க்கவிடுவது ஆகப் பழைய ஊக்கம், இன்றும் செலவு குறைந்தது. இங்கே உண்மையான போட்டி சப்டைட்டிலில் இருக்கிறது. ஹோல்கர் மிட்டரர், ஜேம்ஸ் மெக்வீன் இருவரும் டச்சு மொழிக்காரர்களை வைத்து 2009இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பழக்கமில்லாத உச்சரிப்பில் வரும் ஆங்கிலக் காணொளியை ஆங்கில சப்டைட்டிலோடு பார்த்தவர்களுக்கு அந்த உச்சரிப்பு பிடிபட்டது. தாய்மொழி சப்டைட்டில் அந்தக் காதுப் பயிற்சிக்கு உதவாமல் குறுக்கே நின்றது. கதை புரிய வேண்டும் என்றால் தாய்மொழி, காது பழக வேண்டும் என்றால் கற்கும் மொழி. முதல் தடவை அப்படி, பிடித்த காட்சியை மட்டும் இரண்டாம் தடவை இப்படி என்று வைத்துக்கொள்ளலாம். முழுப் படத்தையும் இரண்டு முறை பார்க்கச் சொன்னால் இருக்கும் ஆசையும் போய்விடும்.

மெய்நிகர் கண்ணாடிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முதல் அனுபவத்தில் வியப்பு உண்டு. அந்த வியப்பு கருவியின் மேல் வருவது. மொழியின் மேல் வருகிறதா என்பது இரண்டாவது மாதத்தில் தெரிந்துவிடும்.

ஏஐயோடு உரையாடலா, ஆளோடு உரையாடலா?

இப்போது எல்லோரும் கேட்பது இதைத்தான். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி என்ற ஏஐ உரையாடல் கருவி வெளியானது. மறு ஆண்டே குரலில் பேசும் வசதியும் வந்தது. எந்த நேரத்திலும், எந்த மொழியிலும், சலிக்காமல் பேசும் ஒரு துணை. டேண்டம், ஹலோடாக் போன்ற செயலிகள் மறுபக்கம். நீங்கள் கற்கும் மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட, உங்கள் மொழியைக் கற்க விரும்பும் ஓர் ஆளைக் கண்டுபிடித்துத் தருபவை அவை. பாதி நேரம் உங்கள் மொழி, பாதி நேரம் அவர் மொழி.

ஏஐயின் பெரிய பலம், வெட்கத்தை எடுத்துவிடுவது. அயல்மொழி வகுப்பில் வரும் பதற்றம் தனி வகையானது என்று 1986இலேயே எலைன் ஹார்விட்ஸும் உடன் ஆய்வாளர்களும் அதை அளக்க ஒரு கேள்விப்பட்டியல் உருவாக்கினார்கள். எல்லோர் முன்னும் வாய் திறக்கப் பயந்து வருடக்கணக்கில் மௌனமாக இருக்கும் மாணவர்கள் உண்டு. அவர்களுக்கு, தப்பாகப் பேசினாலும் முகம் சுளிக்காத ஒன்றோடு பேசிப் பார்ப்பது பெரிய விடுதலை. ஒரே வாக்கியத்தை எத்தனை முறை கேட்டாலும் அது சொல்லும்.

ஆனால் அது எதையும் புரிந்துகொண்டுவிடுகிறது. உடைந்த வாக்கியம், தவறான காலம், பாதிச் சொல் எதுவானாலும் ஊகித்துப் பதில் சொல்லிவிடும். ஆளோடு பேசும்போது அவர் "என்ன சொன்னீங்க?" என்று நெற்றியைச் சுருக்குவார். அப்போது நாம் வேறு சொல் தேடுவோம், மாற்றிச் சொல்வோம், கையைக் காட்டுவோம். இப்படி முட்டி மோதிப் புரியவைக்கும் இடத்தில்தான் மொழி வளர்கிறது என்பது மொழி கற்றல் ஆய்வாளர் மைக்கேல் லாங் முன்வைத்த கருத்து. ஏஐயிடம் இந்த முட்டலைக் கேட்டு வாங்க வேண்டும். "நான் ஏ2 நிலையில் (தொடக்க நிலைக்கு அடுத்த படி) இருக்கிறேன், சின்ன வாக்கியத்தில் பேசு, நான் சொன்னது தெளிவில்லை என்றால் ஊகிக்காமல் திருப்பிக் கேள், திருத்தங்களைக் கடைசியில் மொத்தமாகச் சொல்" என்று மாணவருக்கு எழுதக் கற்றுக்கொடுத்தால் அதன் பயன் நிறையவே கூடும்.

கேட்டு வாங்க முடியாத ஒன்றும் உண்டு. ஏஐ நமக்காகக் காத்திருப்பதில்லை. நாம் வரவில்லை என்றால் அதற்கு ஒன்றும் இல்லை. நம் அக்காவுக்குத் திருமணம் என்று சொன்னால் அதற்கு மகிழ்ச்சியும் இல்லை. எதிர்முனையில் ஓர் ஆள் இருக்கும்போது மாணவர் சொற்களைத் தேடும் விதமே மாறிவிடுகிறது. பாடத்துக்காக இல்லை, அந்த ஆளுக்குச் சொல்ல வேண்டும் என்பதற்காகத் தேடுகிறார். அந்த மொழியைப் பேசும் எதிர்காலத் தன்னை மனதில் காண்பதுதான் மொழி மாணவரின் வலுவான உந்துதல் என்று மொழி கற்பவரின் ஊக்கத்தை ஆராய்ந்த சோல்டான் டோர்னியே 2005இல் எழுதினார். அந்தக் கற்பனைக்கு உயிர் வருவது இன்னொரு மனிதர் அதில் நுழையும்போது.

ஆளிடமும் தொல்லைகள் உண்டு, மறைக்க வேண்டாம். நேர வேறுபாடு, திடீர் மௌனம், மொழிக்கு அல்லாமல் வேறு எதற்கோ வரும் ஆட்கள். பள்ளி மாணவர்களை முன்பின் தெரியாத பெரியவர்களோடு ஒரு செயலியில் தனியே விடக் கூடாது; இதில் எனக்கு எந்தத் தளர்வும் இல்லை. அவர்களுக்கு ஆசிரியர் வழியே வகுப்பும் வகுப்பும் சேர்வதுதான் வழி. ஐரோப்பாவில் ஈட்வின்னிங் என்ற திட்டம் 2005 முதல் பள்ளிகளை இப்படி இணைத்து வருகிறது.

நேரலைக் காணொளி அழைப்பைவிட, ஒரு நிமிடக் குரல் செய்தியை நான் முன்னே வைப்பேன். பேசிப் பிடிக்காவிட்டால் அழித்துவிட்டு மறுபடி பேசலாம். அங்கே ஏஐயின் பாதுகாப்பு இருக்கிறது. கேட்கப்போவது ஓர் ஆள். அங்கே மனித ஈர்ப்பும் இருக்கிறது. நேர வேறுபாடும் இடிக்காது. ஏஐயோடு ஒத்திகை பார்த்துவிட்டு ஆளுக்கு அனுப்பலாம். ஒத்திகைக்கு மட்டும்தான், அது எழுதிக் கொடுத்ததை அப்படியே படித்து அனுப்பினால் எதிர்முனைக்குப் போவது மாணவர் இல்லை.

வாரத்துக்கு ஒரே ஒரு மணி நேரம் தொழில்நுட்பத்துக்கு ஒதுக்க முடியும் என்றால் இப்படிப் பிரிப்பேன்: வந்த குரல் செய்தியைக் கூடிக் கேட்டுப் புரிந்துகொள்ள 20 நிமிடம், பதிலுக்கு ஏஐயோடு ஒத்திகை 15 நிமிடம், பதிவு செய்து அனுப்ப 15 நிமிடம், அதில் வந்த புதுச் சொற்களை ஆன்கி அட்டையாக்க மீதி 10 நிமிடம். டியோலிங்கோவை வீட்டில் விரும்புகிறவர்கள் வைத்துக்கொள்ளட்டும், அதற்கு மதிப்பெண் வேண்டாம். இன்னொன்று, ஒருவருக்கு ஒருவர் என்று சேர்க்காமல் மூவருக்கு மூவர் என்று சேருங்கள். எதிர்முனையில் ஒருவர் காணாமல் போனாலும், அந்த வாரம் யாருடைய குரலாவது வந்து சேரும்.