மாருதி 800ஆ, சியாஸா? நான் பழையதையே வைத்துக்கொண்டேன்

மைத்துனன் வெளிநாடு கிளம்பும்போது தன் 2019 மாருதி சியாஸ் செடான் காரை "நீங்களே எடுத்துக்குங்க அத்தான்" என்று விட்டுப்போனான். வீட்டில் ஏற்கெனவே 2004 மாடல் மாருதி 800 இருக்கிறது. இரண்டு மாதம் இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டிவிட்டு, 800தான் போதும் என்று சொல்லிவிட்டேன்.

சொகுசு, ஏசி, 510 லிட்டர் டிக்கி எல்லாவற்றிலும் சியாஸ்தான் மேல், அதில் பேச்சே இல்லை. ஆனால் நீளம் கிட்டத்தட்ட நாலரை மீட்டர். 800 மூன்றேகால் மீட்டருக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். கும்பகோணம் பெரிய கடைத்தெருவில் சாயங்காலம் வண்டியை நிறுத்த இடம் தேடியவர்களுக்கு இந்த வித்தியாசம் புரியும்.

எனக்கு முடிவு செய்து கொடுத்தது பராமரிப்பு. போன வருடம் 800க்கு கிளட்ச் செட் முழுசாக மாற்றினேன். இரண்டு பேர் கியர்பாக்ஸைக் கையாலேயே தாங்கி இறக்கினார்கள், மதியத்துக்குள் வண்டி வீட்டுக்கு வந்துவிட்டது, கூலியோடு 5,000 ரூபாய்க்குள் முடிந்தது. 2014 ஜனவரியோடு தயாரிப்பு நின்ற வண்டிதான், ஆனாலும் இதே 796 சிசி இஞ்சின் 2019 வரை ஆம்னியில் வந்துகொண்டிருந்ததால் இஞ்சின் சாமானுக்கு நான் அலைந்ததே இல்லை. கண்ணாடியைக் கையால் சுற்றி இறக்குகிறோம், பவர் ஸ்டீயரிங் கிடையாது, அதனால் கெட்டுப்போக அங்கே மோட்டாரும் கிடையாது. சியாஸிலோ வழக்கமான பேட்டரியோடு ஹைப்ரிடுக்கென்று (இஞ்சினுக்கு மின்சாரத்தால் கொஞ்சம் கைகொடுக்கும் ஏற்பாடு) தனியாக ஒரு லித்தியம் பேட்டரி. வாரன்டி முடிந்த வண்டியில் அதை மாற்ற வேண்டி வந்தால் என்ன ஆகும் என்பதுதான் எனக்கு உறுத்தல். இரண்டு மாதம் ஓட்டியவன் சொல்வது இது, ஐந்து வருடம் வைத்திருப்பவர்கள் வேறு மாதிரி சொல்லலாம். சியாஸின் 1.5 லிட்டர் இஞ்சின் எர்டிகாவிலும் வந்ததால் இஞ்சின் சாமானுக்குப் பயமில்லை, இஞ்சினுக்குள் வால்வுகளை இயக்குவது டைமிங் செயின் என்பதால் 800 போல பெல்ட் மாற்றும் வேலையும் இல்லை. 2025இல் சியாஸையும் நிறுத்திவிட்டார்கள், பாடி சாமான்களைத்தான் யோசிக்க வேண்டும்.

800க்கு ஆர்.சி. (பதிவுச் சான்று) செலவும் உண்டு. 2024இல் 5,000 ரூபாய் கட்டிப் புதுப்பித்தேன். 20 வருடம் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் அதை 10,000 ஆக்கிவிட்டார்கள், 2029இல் நான் அதைக் கட்ட வேண்டும். ஐந்து வருடத்துக்கு ஒருமுறைதானே, பரவாயில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் 800க்காகப் பேச மாட்டேன். ஏர்பேக் இல்லை, அழுத்திப் பிரேக் போட்டால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸும் இல்லை. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நாலுவழிச் சாலையில் லாரிகளுக்கு நடுவே அதை ஓட்ட எனக்கு மனசு வராது. சென்னைக்கு உழவன் எக்ஸ்பிரஸ் ரயிலில் போய்விடுகிறோம். வாராவாரம் ஹைவேயில் போகிறவர் நீங்கள் என்றால் யோசிக்காமல் சியாஸை எடுங்கள்.

உள்ளூருக்குத்தான், பழைய 800 தேடுகிறீர்கள் என்றால் பெயின்டைப் பார்த்து மயங்காமல் கால்மிதியைத் தூக்கித் தரையில் துரு இருக்கிறதா பாருங்கள், அப்புறம் ஆர்.சி. எந்த வருடம் வரை என்று கேட்டுவிட்டு விலை பேசுங்கள்.