கைதுப் பதிவு எடுத்துத் தருகிறேன் என்று 27,000 ரூபாய் வாங்கிய கடை: மலையகத்து ஆட்கள் கவனம்

கை நடுங்கிக்கொண்டே எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கொழும்பில் கைதான தம்பியை நேற்றுத்தான் அங்கிருந்து கூட்டி வந்தோம். இன்று காலையில் முதல் வேலையாக அந்தக் கடைக்குப் போய்க் காசைத் திருப்பிக் கேட்டேன். "நான் வேலைய செஞ்சேன் தானே தங்கச்சி, பேப்பரும் குடுத்தேன் தானே" என்று சொல்லிவிட்டு, ரீலோட் போட வந்த பையன் பக்கம் திரும்பிக்கொண்டான். 27,000 ரூபாய். தோட்டத்தில் 2024இல் நிர்ணயித்த 1350 ரூபாய் நாட்சம்பளக் கணக்கில் பார்த்தால், அம்மா இருபது நாள் முழுப்பேருக்கு, அதாவது முழுநாள் சம்பளத்துக்கு, கொழுந்து எடுக்க வேண்டும். ஒரு அரைப்பேர்கூட, அதாவது அரைநாள் சம்பளம்கூட, விழக்கூடாது. இந்த மழையில் அது நடக்கிற காரியமா?

ஒரு ஆளைக் கொழும்பு மாதிரி ஊரில் கைது செய்தால் அந்தப் பதிவை எங்கே தேடுவது, யாரிடம் கேட்பது என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு ஆறாது.

தம்பிக்கு 22 வயது. புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் மூட்டை தூக்குகிறான். ஒரு வியாழக்கிழமை இரவு கடைக்கு வெளியே நடந்த அடிதடியில் நாலைந்து பேரோடு இவனையும் பொலிஸ் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. எங்கள் லயத்துப் பையன் ஒருவனும் அங்கேதான் வேலை செய்கிறான். மறுநாள் சாயந்தரம் அவன்தான் எங்கள் அம்மாவுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னான். எந்த பொலிஸ் என்று அவனுக்கும் தெரியவில்லை. தம்பியின் போன் வேலை செய்யவில்லை. (அது பொலிஸில் இருந்தது, எங்கள் நம்பரெல்லாம் அதற்குள் இருந்தது. அவனுக்கு ஒரு நம்பரும் மனப்பாடமில்லை. இதெல்லாம் பிறகுதான் தெரியும்.) நான் ஒரு பொலிஸ் நிலையத்துக்கு எடுத்தேன். சிங்களத்தில் கடகடவென்று ஏதோ கேட்டார்கள், நான் திக்கினேன், வைத்துவிட்டார்கள். மறுபடி எடுக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. என் பிழை அது, ஒத்துக்கொள்கிறேன்.

சனிக்கிழமை காலையில் டவுனுக்குப் போனோம். கடையின் பேரையும் டவுனின் பேரையும் எழுதவில்லை, எழுத வேண்டாம் என்று சட்டத்தரணி சொல்லியிருக்கிறார். போட்டோக் கொப்பி, ரீலோட், பாஸ்போர்ட் ஃபோர்ம் நிரப்புவது, வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பம் போடுவது என்று எல்லாம் செய்கிற ஒரு கம்யூனிகேஷன், அவ்வளவுதான் சொல்வேன். அம்மாவின் ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) கடிதமெல்லாம் அங்கேதான் எழுதுவோம். வருஷக்கணக்காகத் தெரிந்த முகம். அம்மா அழுததைப் பார்த்து அவன் கதிரையை இழுத்துப் போட்டான், பக்கத்துக் கடையில் பிளேன்டீ சொன்னான். "அம்மா நீங்க அழாதிங்க, இப்பெல்லாம் எல்லாம் ஒன்லைன்ல இருக்கு" என்றான். அந்தத் தேநீரைக் குடித்ததுதான் நாங்கள் செய்த மடத்தனம்.

கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினான். கைதுப் பதிவு தேடுகிற ஒரு வெப்சைட். தம்பியின் பேரை இங்கிலீஷில் அடித்தான். பச்சைக் கோடு ஒன்று ஓடியது, "பொலிஸ் பதிவுகள் தேடப்படுகின்றன", "நீதிமன்றப் பதிவுகள் தேடப்படுகின்றன" என்கிற மாதிரி ஒவ்வொன்றாக வந்தது. கடைசியில் சிவப்பு எழுத்தில் மூன்று பதிவு கிடைத்ததாகக் காட்டியது. அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனால் மகன் பேரைத் திரையில் கண்டதும் கும்பிட்டுவிட்டார். "பாத்திங்களா, இருக்கான். திறந்து பாக்கத்தான் காசு கட்டணும், 15,000" என்றான். அம்மாவின் தோட்டை அங்கேயே பக்கத்துத் தெருவில் அடகு வைத்தோம். ரசீது கேட்டேன். "நமக்குள்ள என்னா தங்கச்சி ரசீது" என்று சிரித்தான்.

அப்புறம் இழுத்தடிப்பு. ஞாயிறு கடை பூட்டு. திங்கள் "சேர்வர் வேலை செய்யல". செவ்வாய் போனால், பதிவு வந்துவிட்டதாம், ஆனால் உறுதிப்படுத்திய பிரதி வேண்டுமென்றால் தகவல் அறியும் சட்டத்தில் விண்ணப்பம் போட வேண்டுமாம், அதற்கு "கவுர்மெண்ட் ஃபீஸ்" 12,000. சட்டத்தின் பேரைச் சொன்னதும் நம்பிவிட்டேன். சீட்டுக்காசு போனது. புதன் "கொழும்பு ஆள் மீட்டிங்ல". வியாழன் "மெயில் வந்திச்சா இல்லியான்னு பாத்து சொல்றேன்". வெள்ளி போனையே எடுக்கவில்லை. சனி நேரில் போனதற்கு, "தொந்தரவு பண்ணாதிங்க, உங்க தம்பி செஞ்ச வேலைக்கு நானா பொறுப்பு?" என்று நாலு பேர் முன்னால் சத்தம் போட்டான். அம்மா தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தார்.

திங்கள் காலையில் ஒரு என்வலப் கொடுத்தான். இரண்டு தாள். மேலே இறக்கை விரித்த கழுகு முத்திரை. வாசித்துப் பார்த்தேன். டெக்சாஸ். வயது 58. ஆம், அமெரிக்காவில் எங்கேயோ உள்ள ஒரு 58 வயது மனிதர், தம்பியின் பேருக்குக் கிட்டத்தட்ட ஒத்த பேர். 27,000 ரூபாய்க்கு அதைத்தான் தந்தான். கேட்டால், "நீங்க ஸ்பெல்லிங் பிழையா குடுத்திட்டிங்க."

அந்தத் தாளைத் தூக்கிக்கொண்டு ஹட்டன் நீதிமன்றப் பக்கம் போனேன், தெரிந்த அக்கா ஒருவர் சொன்ன சட்டத்தரணியைத் தேடி. அவரும் தோட்டத்துப் பிள்ளைதான். கழுகைப் பார்த்துச் சிரித்தார், பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அமெரிக்காவில் பல மாநிலங்களில் கைதுப் பதிவு யாரும் பார்க்கக்கூடியது, அதை வைத்துத்தான் அந்த மாதிரி வெப்சைட்டுகள் வியாபாரம் செய்கின்றன. இலங்கையில் பேரை அடித்துத் தேடுகிற அப்படி ஒரு பொதுப் பட்டியலே கிடையாது என்றார். தம்பி வேலை செய்கிற கடை எந்தத் தெருவில் என்று கேட்டார். இரண்டு போன் கோல். இருபது நிமிஷம் இருக்காது. தம்பியை வெள்ளிக்கிழமையே புதுக்கடை நீதிமன்றத்தில் ஆஜர்படுத்தியிருக்கிறார்கள். அன்றைக்கே பிணையும் கொடுத்துவிட்டார்கள், இரண்டு சரீரப் பிணை. கையெழுத்து வைக்க ஆள் வராததால் விளக்கமறியலில் கிடந்திருக்கிறான்.

நாங்கள் இங்கே "சேர்வர்" சரியாகும் என்று காத்திருந்த நேரமெல்லாம் அவன் அங்கே யாராவது வருவார்களா என்று பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறான். 27,000 ரூபாயைக்கூட ஒருநாள் மறப்பேன். இதை எப்படி மறப்பது?

செவ்வாய் முழுக்கக் கிராம சேவகரிடமும் பிரதேச செயலகத்திலும் அத்தாட்சிப் பத்திரத்துக்கு அலைந்து, மாமாவும் சித்தப்பாவும் இரவு பஸ் ஏறி, புதன்கிழமை கையெழுத்து வைத்தார்கள். வெள்ளியிலிருந்து புதன்வரை எண்ணினால் 12 நாள். ஆள் பாதியாகிவிட்டான். வந்ததும் அம்மா மடியில் தலையை வைத்துப் படுத்தவன் இன்னும் சரியாகப் பேசவில்லை.

சரி, எழுதுகிறேன் என்று சொன்னதை எழுதுகிறேன். விவரமாக எழுத இப்போது பொறுமை இல்லை, சுருக்கமாக.

கைது செய்தவரைச் சாதாரணமாக 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் கொண்டுபோக வேண்டும். அதனால் ஆள் பிடிபட்ட தெரு எந்த பொலிஸ் நிலையத்துக்குச் சேர்ந்தது என்று பாருங்கள், அந்த நிலையத்தையும் அந்தப் பகுதி நீதவான் நீதிமன்றத்தையும் கேளுங்கள். சிங்களம் வராவிட்டால் வருகிற ஒரு ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எடுங்கள், என்னை மாதிரிப் பயந்து வைத்துவிடாதீர்கள். நிலையத்தின் பேரும் வழக்கின் 'பி' இலக்கமும் (பொலிஸ் நீதிமன்றத்துக்குக் கொடுக்கிற 'பி' அறிக்கையின் இலக்கம்) கிடைத்தால், நீதிமன்றப் பதிவறையில் சட்டத்தரணி மூலம் மோஷன் (எழுத்துக் கோரிக்கை) போட்டு உறுதிப்படுத்திய பிரதி எடுக்கலாம். ஆளை வைத்திருக்கிற இடத்தைப் பொலிஸ் சொல்ல மறுத்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு எடுங்கள், 1996 என்ற நம்பர். சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதி இல்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவைக் கேளுங்கள்.

தகவல் அறியும் சட்டம் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். விண்ணப்பம் கொடுக்க ஐந்து சதம் கட்டத் தேவையில்லை, பிரதி எடுக்கிற செலவு மட்டும்தான். அந்த 12,000 முழுப்பொய். முடிவு சொல்ல 14 வேலை நாள் இருக்கிறது, ஆனால் ஒருவருடைய உயிரோ சுதந்திரமோ சம்பந்தப்பட்ட தகவல் என்றால் 48 மணித்தியாலத்துக்குள் பதில் தர வேண்டும். சம்பந்தமில்லாத ஆள் போய் இன்னொருவரின் பதிவைக் கேட்டால், தனிப்பட்ட தகவல், விசாரணை நடக்கிறது என்று மறுக்கவும் சட்டத்தில் இடமிருக்கிறது. அதனால் "யாருடைய பதிவும் எடுப்பேன்" என்று ஒரு கடைக்காரன் சொன்னாலே எழும்பி வந்துவிடுங்கள். ரசீது தராதவனிடம் காசைக் கொடுக்காதீர்கள். பிளேன்டீயும் குடிக்காதீர்கள்.

திங்கட்கிழமை அந்தக் கழுகுத் தாளோடு பொலிஸில் முறைப்பாடு கொடுக்கப் போகிறேன். ரசீது இல்லை, அடகுக் கடைத் துண்டில் தேதி மட்டும் இருக்கிறது. இதே மாதிரி, இதே கழுகுத் தாளுக்குக் காசு கட்டியவர்கள் யாராவது நம் பக்கத்தில் இருந்தால் அதற்குள் சொல்லுங்கள், சேர்ந்தே போவோம்.