நிரலை விற்பதா, உரிமம் மட்டும் தருவதா?

ஊழியராக இல்லாமல் தனியாக எழுதிய கணினி நிரலுக்கு, ஒப்பந்தம் வேறு சொல்லாதவரை, 1957 பதிப்புரிமைச் சட்டப்படி எழுதியவரே முதல் உரிமையாளர். விற்றால் அந்த உரிமையே கைமாறும்; உரிமம் என்றால் பயன்படுத்த அனுமதி மட்டும். எதைத் தேர்வது?

பணம்: விற்றால் ஒரே தடவை, பெரிய தொகை கேட்கலாம். உரிமத்துக்குக் குறைவுதான், ஆனால் அதையே இன்னொருவருக்கும் தரலாம்.

மறுபயன்பாடு: விற்றால் அந்த நிரலில் உள்ள லாகின் மாட்யூலை (உள்நுழையும் பகுதியை) வேறு வேலைக்கு எடுக்கவும் அனுமதி கேட்க வேண்டும். உரிமத்தில், ஒருவருக்கு மட்டும் என்று எழுதித் தராதவரை, அந்தத் தலைவலி இல்லை.

காகிதம்: விற்க எழுத்தும் கையெழுத்தும் வேண்டும், வாட்ஸப்பில் 'சரி சார்' போதாது. உரிமமும் எழுத்தில் இருக்க வேண்டும். இரண்டும், காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுதான் செல்லும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவில் மட்டும்.

ஒரு கம்பெனிக்கே உரிய மென்பொருள் என்றால் விற்றுவிடுங்கள். ஆனால் கடைசித் தவணை வந்த பிறகே உரிமை மாறும் என்று ஒரு வரி சேருங்கள். பத்துக் கடையில் ஓடும் பில்லிங் கருவிக்கு உரிமம்தான்.